அண்டாவில் குளித்த இகுவானா

ஜெயசித்ராவின் அருவருப்பு மூக்கில் தொடங்கும். அங்கிருந்து தொண்டைக்கு இறங்கும். அதற்கு மேல் அவளால் மறைக்க முடியாது. மேலுதடு ஒரு பக்கமாகச் சுருண்டு பல் தெரிந்துவிடும். குத்துக்கல்வலசையில் அவளிடம் இட்லி மாவு வாங்க வருகிறவர்களுக்கு அந்த முகத்தைக் கண்டால் பயம். தூக்குவாளிக்குள் விரலை விட்டுப் பிடித்தபடி நீட்டினால் வாங்க மாட்டாள்.

“வாளிக்குக் கைப்பிடி எதுக்கு வச்சிருக்கு? உள்ள கைய விட்டுப் பிடிக்கீயளே, அந்த மாவ நீங்கதான திங்கணும்?” என்பாள். சொல்லிவிட்டு வாளியைத் தானே கழுவித் துடைத்து, பிறகுதான் மாவு ஊற்றுவாள். திட்டு வாங்கினவர்கள் மறுநாளும் அவளிடமே வந்தார்கள். அந்தத் தெருவில் வேறு இடத்தில் மாவு வாங்கிப் பழகியவர்களும் கொஞ்ச நாளில் அவள் வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அவள் ராயகிரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொந்தக்காரர் வீட்டுச் சடங்குப் பந்தியில் சாம்பார் வாளிக்குள் ஒரு பல்லி கிடந்தது. பரிமாறியவர் அதை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பந்தியிலிருந்து எழுந்தது அவள் ஒருத்திதான். வீம்பு பிடித்த பிள்ளை என்று பெரியவர்கள் ஏசினார்கள். ஏச்சு பெரிதாகத் தெரியவில்லை. மற்ற எல்லாரும் தொடர்ந்து சாப்பிட்டதுதான் அவளுக்கு மறக்கவில்லை.

கணவன் இசக்கிராஜா ராணுவத்தில் இருந்தான். அவன் வடக்கே பனியில் நின்ற காலத்தில், வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு அவள் சமையல் தொழிலைத் தொடங்கினாள். முதலில் மாவு. பிறகு, வீடுகளுக்குச் சாப்பாடு. பிறகு, குற்றாலத்தில் சாரல் பிடிக்கிற மாதங்களில் ஐந்தருவிச் சாலையில் ஆவுடைநாயகம் நடத்தும் லாட்ஜுக்கு மதியச் சாப்பாடு. சுத்த சைவம். சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல். பெரிய அலுமினிய அண்டாக்களில் வேலை முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்து, கல் மேல் கவிழ்த்து, வெயிலில் காயவைப்பாள். சாரல் நாட்களில் வெயில் கிடையாது என்பதால் வெள்ளைத் துணியால் துடைத்து அடுப்புச் சூட்டில் காட்டுவாள். உதவிக்கு வரும் மாரித்தாய், “எங்க வீட்டுப் பிள்ளையக் கூட இப்படித் துவட்டுனது கெடையாது தாயி” என்று சொல்லிக்கொண்டே துடைப்பாள்.

மகள் அபி கோயம்புத்தூரில் நர்சிங் படிப்பதும், வீட்டுக்கு மாடி எழும்பியதும் அந்தக் கொட்டகையால்தான். விளம்பரப் பலகை இல்லை. இன்னார் வீட்டுச் சாப்பாடு சுத்தம் என்று நாலு பேர் சொல்கிற வார்த்தை ஒன்றுதான் அவளுடைய முதல்.

இசக்கிராஜா ஹவில்தாராக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது, அவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓடினான். படுக்கையை மடித்து வைத்தான். அதன் பிறகு பகல் முழுவதும் போனைப் பார்த்தான். முதலில் ஒரு மீன்தொட்டி வந்தது. ஜெயசித்ரா பொறுத்துக்கொண்டாள். அடுத்து, ராணுவத்தில் கூட இருந்த நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனவன், துளை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

பெட்டியைத் திறந்ததும் பச்சை நிறத்தில் ஒன்று தலையைத் தூக்கியது. தொண்டைக்குக் கீழே தோல் தொங்கியது. முதுகு நெடுக முள். நகங்கள் அட்டையைப் பிறாண்டின.

“என்னது இது?”

“இகுவானா.”

“ஓணான்னு சொல்லுங்க.”

“ஓணான் இல்லட்டி. தென் அமெரிக்காவுல உள்ளது.”

“தென் அமெரிக்காவுல ஓணானுக்கு அது பேரு. அவ்வளவுதான?”

அவன் அதற்குக் கேப்டன் என்று பேர் வைத்தான். மாரித்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அண்ணாச்சி ஹவில்தாரா இருந்துதான வந்தீய? அப்ப காலம்பற எந்திச்சதும் ஓணானுக்கு நீங்கதான் சல்யூட் அடிக்கணும்” என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு சல்யூட் அடித்துக் காட்டினான்.

கேப்டனோடு நின்றிருந்தால் அவள் ஒருவேளை பழகியிருப்பாள். நிற்கவில்லை. மாடி அறையில் கண்ணாடிப் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. ஒன்றில் புள்ளி போட்ட பல்லிகள் இரண்டு, இமை கொட்டி முழித்துக்கொண்டு. இன்னொன்றில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, பந்துபோலச் சுருண்டு. மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் முட்டை அட்டைகள். அட்டைகளின் குழிகளுக்குள் கரப்பான்கள். பல்லிக்குத் தீனியாக அவற்றை அவன் விலைக்கு வாங்கி வந்திருந்தான். வாங்கிவந்து, காரட் துருவிப் போட்டு வளர்த்தான்! தன் கொட்டகையில் ஒரு கரப்பான் மீசையைக் கண்டால் அன்றைய சமையலையே நிறுத்துகிற ஜெயசித்ராவுக்கு, வீட்டு மாடியில் அவை குட்டி போட்டுப் பெருகுகின்றன என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. கரண்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மாடிப் பக்கம் பார்த்தாள்.

மாடியறைக்கு ஒரு வாடை உண்டு. கரப்பான் புழுக்கையும் ஈரத் தேங்காய்நாரும் அழுகின கீரையும் சேர்ந்த வாடை. கண்ணாடியின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அது என்ன என்று ஒரு நாள் தெரியாமல் கேட்டுவிட்டாள். இகுவானா உடம்பில் சேர்கிற உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தெளிக்கும், அது காய்ந்தது என்று இசக்கிராஜா பெருமையாக விளக்கினான். தோல் உரிக்கிற காலத்தில் அதன் உடம்பிலிருந்து காகிதத் துண்டுகள்போல உதிர்ந்தவற்றை ஒரு டப்பியில் சேர்த்து வைத்திருந்தான். அபி லீவுக்கு வந்தபோது அதைத் திறந்து காட்டினான். அவள் அடுத்த லீவுக்கு ஹாஸ்டலிலேயே தங்கிக்கொண்டாள்.

பாம்புக்கான வெள்ளை எலிகளை உறையவைத்த பொட்டலங்களாக அவன் வரவழைத்தான். முதல் பொட்டலத்தைக் கீழே இருந்த குளிர்பெட்டியில், துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தான். அன்று நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. குளிர்பெட்டியில் இருந்த அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. அதன் முடிவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மாடிப்படிதான் எல்லை. மேலே இருக்கிற எதுவும் கீழே வராது; கீழே இருக்கிற எதுவும் மேலே போகாது. எலிக்குத் தனியாக ஒரு சின்னக் குளிர்பெட்டி மேலே போயிற்று. இசக்கியம்மன் மேல் சத்தியம் என்று அவன் சொன்னான். அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்து வளர்க்கிற பிராணிகள், ஒளிக்க ஒன்றும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டான். பதிவு செய்தால் நாற்றம் போய்விடுமா என்று அவள் கேட்டாள்.

அந்த வருடம் சாரல் சீக்கிரமே இறங்கியது. மலை முழுவதும் மேகம் மூடி, தென்காசி வரைக்கும் வெயில் என்பதே இல்லாமல் போயிற்று. லாட்ஜுகள் நிறைந்தன. ஜெயசித்ராவுக்கு மூச்சுவிட நேரமில்லை. விடியும் முன்பே பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வரும் நேரத்துக்கு மாரித்தாய் வந்து அடுப்பு மூட்டுவாள்.

மேலே கேப்டனுக்கு உடம்பு சரியில்லை. கரண்ட் ஏறி இறங்கிச் சூட்டு விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. வெயில் இல்லாமல் அது இலையைத் தொடவில்லை. பச்சை மங்கிச் சேற்று நிறமானது. செம்பருத்திப் பூவை வாயருகில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டது. இசக்கிராஜா முகச்சவரம் செய்வதை நிறுத்தினான். போனில் பெங்களூர்க்காரனைக் கேட்டான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்து என்று அவன் சொன்னான். டீக்கடையில் கேட்டான். அங்கே இருந்தவர்கள் குற்றாலத்துக்காரர்கள். வாதம், பித்தம், பைத்தியம், எதுவானாலும் அருவித் தண்ணீர் தீர்க்கும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்.

“மூலிகைத் தண்ணிவே அது. மனுசனுக்கே கேக்குதுன்னா ஓணானுக்குக் கேக்காதா?” என்றார் ஒருவர்.

வெளியூர்க்காரனாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பான். இசக்கிராஜா இந்த ஊர்க்காரன், இரண்டையும் சேர்த்தான். ஐந்தருவியில் தண்ணீர் பிடித்து வந்து, அதை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணி, கேப்டனை அதில் கிடத்துவது என்று முடிவு செய்தான். அதை வாலோடு சேர்த்துக் கிடத்தும்படியான பாத்திரம் மாடியில் இல்லை. கீழே, கொட்டகையில் இருந்தது.

அன்று சந்தையிலிருந்து ஜெயசித்ராவுக்குப் பக்கத்துத் தெரு லோடு ஆட்டோ உடனே கிடைத்துவிட்டது. வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்னால் வந்து இறங்கினாள். காய் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். கொட்டகையில் விளக்கு எரிந்தது. மாரித்தாய் முந்திவிட்டாள் என்று நினைத்தாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ரசம் வைக்கிற அண்டா இருந்தது. இசக்கிராஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கை தண்ணீருக்குள் எதையோ தாங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் மஞ்சள்பொடியை முதுகு முட்களில் தேய்த்துக்கொண்டிருந்தான். அண்டாவின் விளிம்பில் நகங்கள் உள்ள ஒரு கை தொங்கியது. தண்ணீரில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ மிதந்தது.

அது என்ன என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெந்நீர் பட்டதும் கேப்டன் வயிற்றைக் காலி செய்திருந்தது.

“வந்துட்டியா?” என்றான் இசக்கிராஜா.

“என்ன செய்யுதீய?”

“அருவித் தண்ணி. விழுற இடத்துலயே பிடிச்சேன், கீழ பிடிக்கல. கீழ பூரா எண்ணெயும் ஷாம்பு பாக்கெட்டுமால்லா கெடக்கு…”

“என் அண்டாவுல என்ன செய்யுதீயன்னு கேட்டேன்.”

“நல்லா தேச்சுக் கழுவிருவேன்ட்டி. தினமும் கழுவித்தான வைக்கேன்.”

தினமும் என்ற சொல் அவன் வாயிலிருந்து தவறி விழுந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை தினம் என்று கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்து என்ன ஆகப் போகிறது. அந்த அண்டாவில் வைத்த ரசம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. தேங்காயெண்ணெயில் தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் மேலே மிதக்கிற ரசம். ருசி பார்க்க உள்ளங்கையில் ஊற்றி நக்கியதும் வந்தது. அவள் துளசிச் செடி வரைக்கும் ஓடினாள். அதற்கு மேல் முடியவில்லை. காலையில் குடித்த கருப்பட்டிக் காப்பி வந்தது. அது தீர்ந்த பிறகும் வயிறு நிற்கவில்லை. வெறும் கசப்பாக வந்துகொண்டே இருந்தது.

மாரித்தாய் வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, அருவித் தண்ணியக் காச்சுனா அது வெந்நி. பொறவு அதுல அருவி எங்கன இருக்கு? அந்தச் சவத்தத் தூக்கிட்டு மேல போங்க மொதல்ல.”

அவன் ஈரம் சொட்டச் சொட்டக் கேப்டனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். படியேறும்போது அதன் காதருகில் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு போனதை ஜெயசித்ரா கேட்டாள்.

அவள் வாய் கொப்பளித்தாள். அண்டாவைக் காலால் உருட்டிச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு தோட்டத்து மூலையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள்.

“பழைய பாத்திரத்துக்குப் போட்டுரலாம்லா தாயி, எதுக்கு ஒடைக்க?” என்றாள் மாரித்தாய்.

“பழைய பாத்திரக்காரன் அத இன்னொருத்தருக்கு விப்பான். அவிய அதுல சோறு பொங்குவாவ.”

அலுமினியம் முதல் குத்தில் வெறுமனே நசுங்கியது. அவள் அண்டாவைக் குப்புறத் தள்ளி நடு அடியில் மறுபடி ஓங்கினாள். இதுவரைக்கும் எந்தப் பாத்திரத்தையும் கரண்டியால் தட்டிக்கூடச் சத்தம் எழுப்பியவள் அல்ல. கடப்பாரை உள்ளே இறங்கி மறுபக்கம் மண்ணைத் தொட்ட பிறகே நிறுத்தினாள். மற்ற அண்டாக்களையும் அப்படியே செய்தாள். எது எதில் அந்தப் பிராணி கிடந்தது என்று அவனைக் கேட்டு, அவன் சொல்வதை நம்புகிற நிலையில் அவள் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஆவுடைநாயகத்துக்குப் போன் செய்தாள். இன்று சாப்பாடு வராது என்றாள். காரணத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பைக்கில் பறந்து வந்தார். வாசலில் நின்றபடியே குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“ஒங்ககிட்டதான் அண்ணாச்சி மொதல்ல சொல்லுதேன்.”

“நல்லதாப் போச்சு. கடைசியும் நானா இருக்கட்டும். இன்னைக்கு ஒரு பொழுது ஓட்டல்ல வாங்கிச் சமாளிச்சுக்கிடுதேன். நாளைக்குப் புது அண்டா வாங்கிரு. அவ்வளவுதான் விசயம்.”

“தின்னவிய கதி?”

“தின்னவிய பூரா நல்லாத்தான் இருக்காவ. ராஜபாளையத்துக் குடும்பம் ஒண்ணு நேத்து ரெண்டு தடவ ரசம் கேட்டு வாங்குச்சு. கொதிச்ச ரசத்துல எந்தக் கிருமி தாயி உயிரோட இருக்கும்? யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்லா.”

ஆவுடைநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. லாட்ஜில் ஒரு துண்டு காணாமல் போனால்கூட விருந்தாளியிடம் கேட்கத் தயங்குகிறவர். சீசனில் அறைகள் நிறைந்திருக்கிற நேரத்தில் ஒரு பேச்சுக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடம் அவர் வாயிலிருந்து வந்த மூச்சுக்காற்றே தன் மேல் படக் கூடாது என்பதுபோல ஜெயசித்ரா ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

ராஜபாளையத்துக் குடும்பத்தில் கைக்குழந்தை ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு கூட்டித் தனி ரசம் கேட்டார்கள், இவளும் அனுப்பினாள். நர்சிங் படிக்கிற அபிக்குப் போன் போட்டாள். அபி முதலில் “ஐயோ அம்மா” என்றாள். பிறகு, இந்த மாதிரிப் பிராணிகளின் கழிவில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம், கொதிக்கவைத்தால் செத்துவிடும், ஆனால் கரண்டி, தட்டு, கை என்று பட்டிருந்தால் சொல்ல முடியாது, சின்னக் குழந்தைக்கு வந்தால் கஷ்டம் என்றாள். அதற்குப் பிறகு ஜெயசித்ரா யோசிக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினாள்.

பஸ் முழுக்க எண்ணெய் வழிகிற தலைகளும் ஈரத் துண்டுகளும். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அவர்கள் காறித் துப்பலாம், கை ஓங்கலாம், போலீசுக்குப் போகலாம். எதற்கும் பதில் பேசக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டாள். இத்தனை வருடம் சேர்த்த பேர் இன்றோடு சரி. அதை அவளே போய்த் தன் வாயால் முடிக்கப் போகிறாள்.

லாட்ஜ் வராந்தாவில் அந்தக் குடும்பம் உட்கார்ந்து நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. தாத்தா மடியில் குழந்தை. ஜெயசித்ரா நின்றபடி சொன்னாள். தான் யார், தன் வீட்டில் என்ன நடந்தது, எந்தப் பாத்திரம், குழந்தைக்கு வயிற்றால் போனால் எந்த டாக்டரிடமும் தயங்காமல் விவரத்தைச் சொல்ல வேண்டும் என்பது. சொல்லி முடித்துக் கைகூப்பினாள்.

குழந்தையின் அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

“இகுவானாவா? நெஜ இகுவானாவா?”

“ஆமா சார். நான் சொல்ல வந்தது…”

“எவ்ளோ பெருசு இருக்கும்?”

அவள் தன்னையறியாமல் கையை விரித்துக் காட்டினாள்.

“ஏய், இங்க வா! இவங்க வீட்ல இகுவானா வளக்குறாங்களாம்! அன்னைக்கு யூட்யூப்ல பாத்தோம்ல, அதே!”

உள்ளேயிருந்து பிள்ளை பெற்றவள் ஓடி வந்தாள். கடிக்குமா, கையில் எடுக்கலாமா, பக்கத்தில்தானா வீடு என்று கேள்விகள் வந்தன. பக்கத்து அறைக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

“தம்பி, அவங்க ரசத்தப் பத்திச் சொல்றாங்க” என்றார் தாத்தா.

“ரசம் சூப்பரா இருந்துச்சுப்பா. இப்பல்லா தெரியுது, எதுக்கு அவ்வளவு ருசின்னு!”

வராந்தா முழுவதும் சிரித்தது. பிள்ளை பெற்றவளும் சிரித்தாள். சிப்ஸ் தின்ற கையால் குழந்தையின் உதட்டைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். ஜெயசித்ரா கூப்பிய கையை எப்போது கீழே இறக்குவது என்று தெரியாமல் நின்றாள். அவர்கள் காறித் துப்பியிருந்தால் அதை அவள் தாங்கியிருப்பாள்.

இத்தனைக்கும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்தின் முகத்திலிருந்த பயம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் வேறு ஒரு யோசனை ஏறுவதை அவள் பார்த்தாள். அன்று மாலையே அவர் இசக்கிராஜாவுக்குப் போன் செய்துவிட்டார்.

மறுநாளிலிருந்து கேப்டன் லாட்ஜ் வரவேற்பு மேஜையின் மேல் இருந்தது. கழுத்தில் சிவப்பு நாடா. இசக்கிராஜா பச்சை நிற ராணுவத் தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். அருவியில் குளித்து வந்தவர்கள் ஈரக் கையோடு அதைத் தூக்கித் தோளில் வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அதே கையால் பஜ்ஜி தின்றார்கள். இவ்வளவு கூட்டத்தில் பிராணி தேறிவிட்டது என்று அவன் வீட்டில் வந்து சொன்னான்.

சாப்பாடு ஆறாமல் இருக்க அனுப்பி, லாட்ஜில் கிடந்த தன் சூட்டுப்பெட்டிகளை எடுத்துவர ஜெயசித்ரா ஒரு முறை அங்கே போனாள். கேப்டன் தேறவில்லை. நிறம் இன்னும் மங்கியிருந்தது. வால் நுனியை யாரோ இழுத்ததில் முறிந்து கருத்துப்போயிருந்தது. ஒரு பெண் அதன் வாயில் முறுக்கைத் திணிக்கப் பார்க்க, அது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது. சுற்றிலும் பற்கள் தெரியச் சிரிப்பு. அவளுக்கு வழக்கம்போல உதடு சுருண்டது. ஆனால் அந்த முறை அவள் பார்வை பிராணியின் மேல் இல்லை.

“கூட்டத்தக் கண்டா அதுக்கு ஒரு உற்சாகம்” என்றான் இசக்கிராஜா.

“ஒமக்கா, அதுக்கா?” என்று கேட்டாள்.

சூட்டுப்பெட்டிகள் வரவேற்பு மேஜைக்கு அடியில் அடுக்கியிருந்தன. மேஜை விளிம்பிலிருந்து ஏதோ ஒழுகி ஒரு மூடியின் மேல் காய்ந்திருந்தது. அவள் அவற்றைத் தொடாமல் திரும்பி வந்தாள்.

இலத்தூர் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் அவள் தனி அறை பிடித்தாள். சொந்தத் தண்ணீர்க் குழாய், ஒரு ஜன்னல், மேலே மாடி இல்லை. அதைப் பார்த்துத்தான் பிடித்தாள். பாத்திரங்கள் எல்லாம் புதிது, எல்லாம் சின்னது. லாட்ஜுக்குச் சமைத்த கைக்கு இப்போது சில வீடுகள்தான். தனியாக இருக்கிற ஒரு தபால்காரர், இரண்டு டீச்சர்கள், கணவர் வெளிநாட்டில் இருக்கிற ராபியா, பல் இல்லாத ஓர் ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை. ஒவ்வொருவரிடமும் முதல் நாளே நடந்ததைச் சொன்னாள். கணக்குப்பிள்ளை ஒருவர்தான் முகத்தைச் சுளித்து, “உவ்வே” என்றார். அவளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அவருக்கு மட்டும் சோற்றைக் கொஞ்சம் குழைய வடிப்பாள்.

ஆவுடைநாயகம் சீசன் முடிவதற்குள் தேடி வந்தார். புதுச் சமையல்காரன் சாம்பாரில் மாவைக் கரைத்து ஊற்றுகிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“ஒன் சாப்பாட்டக் கேக்காவ தாயி. நீயே வந்துரு.”

“அந்தப் பிராணி அங்கன இருக்கா?”

“அது ஒரு ஓரமா கெடக்கு. சாப்பாட்டுப் பக்கமே வராது.”

“அப்படித்தான் ஒருத்தர் எனக்கு ஏற்கெனவே சத்தியம் பண்ணிக் குடுத்தாவ.”

“அதத் தூக்கச் சொன்னா எப்படி? அதப் பாக்கத்தான பாதிப் பேரு ரூம் போடுதான்.”

“அப்ப அத வச்சே சோறும் போடுங்க அண்ணாச்சி.”

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே இருந்தாள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இசக்கிராஜாவுக்கு வீட்டில் சமையல் இல்லை. லாட்ஜ் சாப்பாடு அவனுக்கும் இறங்கவில்லை. மதியம் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நிற்பான். முதல் நாள் அறைக்குள் கால் வைக்கப் பார்த்தான்.

“அங்கனயே நில்லுங்க.”

“கை கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்ட்டி. சோப்பு போட்டு.”

“கழுவிருப்பீய.”

“புருசன் வாசல்ல நிக்கேன். பாக்குதவன் என்ன நெனைப்பான்?”

“சாப்பாடு வாங்க வந்திருக்காருன்னு நெனைப்பான்.”

டீச்சர்களுக்கும் ராபியாவுக்கும் தூக்குவாளி போய்த் திரும்பும். அவர்கள் கழுவித் தருவதை அவள் மறுபடி கழுவி எடுத்துக்கொள்வாள். இசக்கிராஜாவுக்கு வாளி கிடையாது. சோறும் கூட்டும் வாழையிலையில், ரசம் நூல் கட்டிய பையில், எல்லாம் சேர்த்து ஒரு காகிதப் பொட்டலம். அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வாள். பிறகுதான் அவன் எடுக்க வேண்டும். அவன் போன பிறகு அந்தக் கட்டையை நனைத்த துணியால் துடைப்பாள்.